பேட்டரியை மாற்றும் முன் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களைப் பேணுவது குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்து மகிழ்ந்தேன். பிரேக், கார்புரேட்டர், துருப்பிடித்தல் ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் அம்பாசடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வண்டிகளில் பேட்டரி அடிக்கடி இறங்கிப்போனால் இன்னும் பெரிய பேட்டரியாக வாங்கிப் போட்டுவிடலாம், அதுவும் சரிப்படாவிட்டால் எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் தரும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதே வேலையைச் செய்யும் பிற்கால வகையான ஆல்டர்னேட்டரைப் பொருத்திவிடலாம் என்று இரண்டே வரிகளில் தரப்பட்டிருந்த ஆலோசனையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. பல பட்டறைகளிலும் இதே ஆலோசனைதான் கிடைக்கிறது என்பதால், இதைச் சற்று விரிவாக மறுத்து எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன். சார்ஜ் எங்கே நின்றுபோகிறது என்று அளந்து பார்க்காமலே பாகங்களை மாற்றிக்கொண்டே போவதால், குறையே இல்லாத அசல் டைனமோக்களும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திரும்பப் பெற வழியில்லை.

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961 முதல் உருவான ஹெரால்டு, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவான அம்பாசடரின் ஆரம்பகால வண்டிகள், இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் மோரிஸ் மைனர் ஆகியவை பிரிட்டிஷ் வடிவமைப்பிலிருந்து வந்தவை. லூகாஸ் வகை டைனமோவும், பட்டறையில் எல்லோரும் கட்-அவுட் என்றே அழைக்கும் ஆர்.பி.106 வகைக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அந்தத் தலைமுறை வண்டிகளில் பரவலாக இருந்தவை. இந்தக் கடிதத்தில் நான் தரும் எண்கள் இந்த அமைப்புக்கு உரியவை. ஃபியட் வழிவந்த பத்மினிக்கு இவற்றை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

அந்தப் பெட்டிக்குள் இரண்டு காயில்கள் இருக்கின்றன. ஒன்று உண்மையான கட்-அவுட்: டைனமோவின் வோல்ட்டேஜ் ஏறத்தாழ 12.7 முதல் 13.3 வரை எட்டியதும் தொடுமுனைகளை மூடி டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும். வேகம் குறைந்து வோல்ட்டேஜ் இறங்கியதும் இணைப்பைத் துண்டித்து, பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குள் திரும்பிப் பாயாமல் காக்கும். மற்றொன்று ரெகுலேட்டர்: டைனமோவுக்குள் காந்தப் புலத்தை உண்டாக்கும் ஃபீல்டு காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல முறை இடைமறித்து வோல்ட்டேஜ் வரம்பு மீறாமல் பார்த்துக்கொள்ளும். இதில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. பேட்டரிக்கும் விளக்குகளுக்கும் செல்லும் மின்னோட்டமும் ரெகுலேட்டரின் மீது சுற்றப்பட்ட சில தடித்த சுற்றுகளின் வழியாகவே போகிறது. ஆகவே, சுமை கூடக்கூட ரெகுலேட்டர் தானாகவே வோல்ட்டேஜைக் குறைத்துக்கொள்ளும். இறங்கிப்போன பேட்டரி மிகுதியாக இழுத்து டைனமோவைப் பொசுக்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இந்த நுட்பம் தெரியாததால் நேர்ந்த ஒரு சேதத்தை நான் அருகிலிருந்து பார்த்தேன். குடும்ப நண்பர் ஒருவரின் ஹெரால்டில் பேட்டரி புதிதாகப் போட்டும் காலையில் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்காமல் போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்பு அந்த வண்டியைப் பார்த்த எலெக்ட்ரீஷியன் ஒருவர், பெட்டியிலிருந்து பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு டைனமோவின் மின்சாரம் வந்து சேரும் டி முனையில் மீட்டரை வைத்திருக்கிறார். மீட்டர் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டியிருக்கிறது. 12 வோல்ட் வண்டியில் 16 வோல்ட்டா, பேட்டரி வெந்துபோகுமே என்று அவர் அஞ்சியது இயல்புதான். உடனே ரெகுலேட்டரின் திருகைத் தளர்த்தி, இன்றைய கார்களில் நாம் பார்க்கும் 14.2 வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். உண்மையில், சுமை எதுவும் இல்லாத நிலையில் 20 டிகிரி வெப்பத்தில் 16.0 முதல் 16.6 வோல்ட் வரை இருக்க வேண்டும் என்பதே அந்தப் பெட்டிக்கு வகுக்கப்பட்ட அளவு. பேட்டரியை இணைத்துச் சார்ஜ் ஓடத் தொடங்கியதும், நான் மேலே சொன்ன தடித்த சுற்றுகள் வேலை செய்து, பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டி வந்து நிற்கும். சுமையில்லாமலே 14.2 என்று வைத்துவிட்டால், வண்டி ஓடும்போது பேட்டரிக்கு 13 வோல்ட்டைத் தாண்டுவதே அரிதாகிவிடும். அந்த ஹெரால்டில் அதுதான் நடந்தது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு ஒழுங்காக அணைந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. நாள்தோறும் அரைகுறையாகச் சார்ஜ் ஆன பேட்டரியின் தகடுகள் சல்பேட் படிந்து கெட்டுப்போயின. திருகைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்ததும் வண்டியில் வேறொரு பாகமும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

சிவப்பு விளக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அது இக்னிஷன் சுவிட்சுக்கும் டைனமோவின் டி முனைக்கும் இடையே இணைக்கப்பட்டது. இரு பக்கமும் வோல்ட்டேஜ் ஏறத்தாழச் சமமாகிவிட்டால் அணையும். பேட்டரி நிறைகிறது என்பதற்கு அது அணைவது சான்று அல்ல. வேகம் கூடும்போது விளக்கு மங்கலாக எரிந்து மெல்லப் பிரகாசமானால், கட்-அவுட் தொடுமுனைகளிலோ இணைப்புகளிலோ மின்தடை ஏறியிருக்கிறது என்று ஐயப்படலாம்.

அளக்கத் தொடங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியையே. சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். 12.2 என்றால் பாதி காலி. 12-க்கும் கீழே என்றால் வெளிச் சார்ஜரில் போட்டு முழுமையாக ஏற்றாமல் மேற்கொண்டு எந்தச் சோதனையும் செய்யக் கூடாது. இறங்கிய பேட்டரியை வைத்துக்கொண்டு டைனமோவைக் குறை சொல்ல முடியாது. செல்ஃப் சுற்றும்போது மீட்டர் 10 வோல்ட்டுக்கும் வெகுவாகக் கீழே சரிந்தால் பேட்டரியோ அதன் முனை இணைப்புகளோ பழுது. வெள்ளைப் பூஞ்சை போல் படிந்திருக்கும் டெர்மினல்களை வெந்நீர் ஊற்றித் துடைத்து, சுரண்டிப் பளபளப்பாக்கி, இறுக்கி, அதன்பின் வாசலின் தடவினால் தீர்ந்துபோகும் வண்டிகள் எத்தனையோ உண்டு. ஃபேன் பெல்ட்டையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும். கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு உள்வாங்குவது சரியான இறுக்கம்.

அடுத்தது டைனமோ. இதைத் தனியாகச் சோதிக்கும் முறை, கழற்றாமலே செய்யக்கூடியது, மிகச் சிறந்தது. டைனமோவின் டி, எஃப் (ஃபீல்டு) ஆகிய இரு முனைகளிலிருந்தும் வயர்களைக் கழற்றிவிட்டு, அந்த இரு முனைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, அந்த இணைப்புக்கும் டைனமோவின் உடலுக்கும் இடையே மீட்டரை வைக்க வேண்டும். எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினால், வோல்ட்டேஜ் தடுமாற்றமின்றி விறுவிறுவென ஏற வேண்டும். 20 வோல்ட்டைத் தாண்டவிடக் கூடாது. அதற்காக எஞ்சினை முறுக்கவும் வேண்டாம், எஞ்சினுக்கு நிமிடத்துக்கு 1,000 சுற்று அளவே போதும். ஏறினால் டைனமோ நலமாக இருக்கிறது; கோளாறு வயரிலோ பெட்டியிலோ இருக்கிறது. மீட்டர் அசையவே இல்லை என்றால் கார்பன் பிரஷ்களைப் பார்க்க வேண்டும்: தேய்ந்திருக்கும், அல்லது கூட்டுக்குள் சிக்கியிருக்கும். ஒரு வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால் ஃபீல்டு காயில், 4 அல்லது 5 வோல்ட்டில் நின்றுவிட்டால் சுழலும் பகுதியான ஆர்மேச்சர் பழுது என்பது பழைய பட்டறைக் கையேடுகளின் கணக்கு. இன்றும் அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை. ஃபீல்டு காயிலை ஓம் மீட்டரால் உறுதிசெய்துகொள்ளலாம். லூகாஸின் சி40 வகை டைனமோவில் 6 ஓம் அளவு இருக்க வேண்டும்.

நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியிலோ, ரீவைண்டிங் செய்து வந்த டைனமோவிலோ, எல்லாம் சரியாக இருந்தும் வோல்ட்டேஜ் பிறக்காமல் இருப்பதுண்டு. இரும்பில் தங்கியிருக்க வேண்டிய காந்தத் தன்மை மறைந்துபோயிருப்பதே காரணம். வயர்கள் கழற்றப்பட்ட நிலையில், பேட்டரியின் எர்த் (வண்டியின் உடலோடு இணைந்த முனை) அல்லாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து எஃப் முனையில் மட்டும் சில நொடிகள் தொட்டு எடுத்தால் அது திரும்பும். டி முனையில் தொடவே கூடாது. பழைய பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே எர்த்தாக இருந்தது. இடையில் யாரேனும் மாற்றியும் இருக்கலாம். ஆகவே, எந்த முனை உடலோடு இணைந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே இதைச் செய்ய வேண்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் வாங்கிய பழைய டைனமோவை மாட்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை, ஏனெனில் அது முன்பு எந்த வண்டியில் எப்படி ஓடியது என்று யாராலும் சொல்ல முடியாது.

டைனமோ தேறிவிட்டால் வயர்களுக்கு வர வேண்டும். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தொல்லைகள் இங்கேதான் ஒளிந்திருக்கின்றன. 50, 60 ஆண்டுப் பழைய வயரில் செம்பு உள்ளுக்குள் கறுத்து, முனைகளில் பச்சை பூத்திருக்கும்; வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை டைனமோவின் டி முனையிலும் மறுமுள்ளைப் பெட்டியின் டி முனையிலும் வைத்தால், மீட்டர் கிட்டத்தட்டப் பூஜ்யமே காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த வயரில் அரை வோல்ட் வீணாகிறது என்று பொருள். பேட்டரியின் எர்த் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையேயும், உடலுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையேயும் இதே போல் அளக்க வேண்டும். எஞ்சினை உடலோடு இணைக்கும் பின்னல் பட்டை அறுந்துபோன வண்டியில், செல்ஃப் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அது சூடாவதைக்கூடக் காணலாம். பெட்டியின் ஈ முனையிலிருந்து உடலுக்குச் செல்லும் சிறு எர்த் வயரை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதில் தடை ஏறினால் இரு காயில்களும் உண்மையைவிடக் குறைந்த வோல்ட்டேஜையே உணரும். கட்-அவுட் தாமதமாக மூடும், ரெகுலேட்டரோ வரம்பை மீறி ஏறவிடும். அடிக்கடி டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது, பேட்டரியருகே அழுகிய முட்டை நாற்றம் வருகிறது என்றால், திருகில் கைவைக்கும் முன் அந்த வயரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிப் பார்க்க வேண்டும்.

பெட்டியின் மூடியைத் திறப்பது கடைசி வேலை. ரெகுலேட்டரின் தொடுமுனைகளை நுண்ணிய கார்போரண்டம் கல்லாலும், மென்மையான கட்-அவுட் தொடுமுனைகளை நுண்ணிய கண்ணாடித் தாளாலும் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தூசியை எடுத்துவிட வேண்டும். எமரித் தாள் கூடவே கூடாது. அதன் துகள்கள் பதிந்துகொண்டு புதுத் தடையை உண்டாக்கும். அளவைச் சரிபார்ப்பதானால், பெட்டியிலிருந்து பேட்டரிக்கும் இக்னிஷனுக்கும் செல்லும் ஏ, ஏ1 முனைகளின் வயர்களைக் கழற்றி, இக்னிஷன் நின்றுவிடாதபடி அவற்றை ஒன்றோடொன்று இணைத்து, டி முனைக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரை வைத்து, பெட்டி குளிர்ந்திருக்கும்போதே அரை நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். நேரமானால் காயில் சூடேறி எண் மாறிவிடும். அந்தப் பொய்யான எண்ணை நம்பித் திருகினால் அடுத்த நாள் காலையில் வேறு அளவு வரும். நம் ஊர் வெயிலில் பானெட்டுக்குள் இருக்கும் பெட்டி 20 டிகிரியில் இருக்கப் போவதில்லை. வெப்பம் ஏற ஏற வோல்ட்டேஜ் சற்றே குறையும்படி அந்தப் பெட்டியிலேயே ஈடுசெய்யும் ஏற்பாடு உள்ளது என்பதால், உச்சி வெயிலில் அளந்த எண் சிறிது குறைவாக இருந்தால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். முள் ஆடும் பழைய வகை மீட்டர் இந்த வேலைக்கு உகந்தது. தொடுமுனைகளின் அதிர்வாலும் இக்னிஷனின் இரைச்சலாலும் விலை மலிந்த டிஜிட்டல் மீட்டரின் எண்கள் நிலையாக நிற்பதில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் பேட்டரி இறங்கினால், அது கோளாறாகவே இல்லாமல் இருக்கக்கூடும். சி40 டைனமோ நிமிடத்துக்கு 1,450 சுற்று அளவில்தான் சார்ஜ் கொடுக்கத் தொடங்கும். 2,250 சுற்றை எட்டிய பிறகே அதன் முழுத் திறனான 22 ஆம்பியர் கிடைக்கும். ஐட்லிங்கில் அது எதுவுமே தருவதில்லை. அந்த வண்டிகள் உருவான காலத்தில் அண்ணா சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டியிருக்கவில்லை. இன்று இரவு நேரத்தில், 55 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 9 ஆம்பியர், பின்விளக்குகளும் மீட்டர் விளக்குகளும் 2 அல்லது 3, இக்னிஷன் காயில் 3 அல்லது 4, மழை பெய்தால் வைப்பர் 2 அல்லது 3 என்று கூட்டிப் பார்த்தால், டைனமோவின் முழுத் திறனில் பெரும்பகுதி அப்போதே செலவாகிவிடுகிறது. சிக்னலில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் இந்தச் செலவு முழுவதும் பேட்டரியின் தலையில் விழுகிறது. பெரிய பேட்டரியை வைத்தால் இந்தப் பற்றாக்குறை தீராது, தள்ளிப்போகும், அவ்வளவுதான். பின்விளக்கு, பார்க்கிங் விளக்கு, மீட்டர் விளக்கு ஆகியவற்றுக்கு, எர்த் முனைக்கு ஏற்ற எல்.இ.டி. பல்புகளைப் போட்டுச் சுமையைக் குறைப்பதும், மாதம் ஒருமுறை சிறிய சார்ஜரில் இரவு முழுதும் போட்டு வைப்பதும் இதைவிடச் செலவு குறைந்த வழிகள்.

நாள்தோறும் இரவில் நகர நெரிசலில் அந்த வண்டியை ஓட்டியே தீர வேண்டியவர் ஆல்டர்னேட்டருக்கு மாறுவதில் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அது ஐட்லிங்கிலும் சார்ஜ் தரும். ஆனால் அதைச் செய்பவர்கள் சிலவற்றைச் சேர்த்தே செய்ய வேண்டும். பாசிட்டிவ் எர்த் வண்டியானால் முழு வண்டியையும் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்ற வேண்டும். 22 ஆம்பியருக்கென்று போடப்பட்ட வயரில் 40 ஆம்பியரைச் செலுத்தினால் அது கொதிக்கும் என்பதால், பேட்டரி வரைக்கும் தடித்த வயர் புதிதாக இழுக்க வேண்டும். மின்னோட்டத்தைக் காட்டும் அம்மீட்டர் இருந்தால் அதன் அளவையும் பார்க்க வேண்டும். சிவப்பு விளக்குக்கு எல்.இ.டி. போடக் கூடாது, ஏனெனில் பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் அந்தச் சிறு பல்பு வழியாகச் செல்லும் மின்சாரமே முதல் தூண்டலைத் தருகிறது. கழற்றிய டைனமோவையும் பெட்டியையும் துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு பழக்கத்தை மட்டும் பட்டறைகள் உடனே கைவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது இன்றும் நடக்கிறது. டைனமோ வண்டியில் அது ஒன்றையும் நிரூபிப்பதில்லை. ஆல்டர்னேட்டர் வண்டியில் டயோடுகளையே எரித்துவிடும். சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது என்பதால், அதன் மேலேயே பொறி பறக்கவிடுவது ஆபத்தும் ஆகும். எஞ்சினை அணைத்த பிறகும் டைனமோ சூடாக இருந்து, அம்மீட்டர் முள் டிஸ்சார்ஜ் பக்கம் படுத்திருந்தால், கட்-அவுட் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டன என்று பொருள். அப்போது மட்டும் ஒரு நொடியும் தாமதிக்காமல் டெர்மினலைக் கழற்றிவிட வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள், பேட்டரியையோ டைனமோவையோ மாற்ற வேண்டும் என்று பட்டறையில் சொன்னால், ஓய்வில் பேட்டரியின் வோல்ட்டேஜ், செல்ஃப் சுற்றும்போது அதே அளவு, எஞ்சின் வேகத்தில் விளக்குகள் அணைந்தும் எரிந்தும் இருக்கும்போது பேட்டரி முனையில் வரும் அளவுகள், தனித்த டைனமோவின் அளவு ஆகியவற்றை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பில்லிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். நல்ல எலெக்ட்ரீஷியன் இதற்குத் தயங்க மாட்டார். அடுத்து, சென்னையின் பாடி பகுதியில் 1961-இல் லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் தொடங்கப்பட்ட நகரம் இது. டைனமோவையும் கட்-அவுட்டையும் கையால் சரிசெய்யக் கற்ற மூத்த தொழிலாளர்கள் இன்னமும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் தொழிற்பயிற்சி நிலையங்கள் அவர்களை அழைத்து, ஒரு டைனமோவையும் ஒரு பெட்டியையும் மேசைமேல் வைத்து, சுமையில்லாத அளவுக்கும் சுமையோடு வரும் அளவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் மீட்டரில் கண்ணால் காணும்படி ஒரு வகுப்பாவது நடத்த வேண்டும். அதற்குத் தேவையான பழைய பாகங்களைத் தர என் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
பழைய கார்கள் மீது ஈடுபாடுள்ள வாசகர்,
சென்னை.